ஒழுகும் குகை, ஒழுகாத குகை

எங்கள் ஈப்போவில் முருகன் குடியிருக்கும் குகையைப் பற்றி நான் ஒரு கடிதத்தில் நாலு வரி எழுதினேன். அந்த நாலு வரியால் என் மகளின் கல்யாணம் நின்று போகப் பார்த்தது. கப்பலேறி இந்தியாவுக்குப் போய் வந்த என் பயணத்தில் சொல்லும்படியாக நடந்தது அது ஒன்றுதான். மற்றவர்கள் எழுதுகிற மாதிரி கோட்டை, கோபுரம், மணிக்கூண்டு எல்லாம் இதில் இருக்காது. வேலூர்க் கோட்டையைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதுவும் பாதிதான். மீதியை முன் சீட்டுக்காரரின் கோழிக்கூடை மறைத்துவிட்டது.

நான் ஈப்போவுக்கு வெளியே, மலையை உடைத்துச் சுண்ணாம்பு சுடுகிற காளவாயில் மேஸ்திரி. ஐந்தாவது வரை படித்தவன். என் தகப்பனார் வட ஆற்காட்டிலிருந்து மலேயாவுக்குப் போனவர். என் மனைவி ஜப்பான்காரன் காலத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். இருப்பது ஒரே மகள் கமலா. இருபது வயசு. அவளுக்கு ராணிப்பேட்டையில் ஒரு வரன் இருப்பதாகச் சொந்தக்காரர்கள் எழுதினார்கள். பையனின் தகப்பனார் முனுசாமி ஒரு தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி மேஸ்திரி. பையன் தணிகாசலத்துக்கும் அங்கேயே மோட்டார் ரூமில் வேலை. நான் மலையைச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்குகிறவன், அவர் அந்தச் சுண்ணாம்பில் தோலை ஊறவைத்து மயிர் நீக்குகிறவர். சுண்ணாம்பை வைத்தே முருகன் இரண்டு குடும்பத்தையும் பூசி ஒட்டவைக்கிறான் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

சந்தோஷத்தில்தான் அந்த நாலு வரியை எழுதினேன். எங்கள் குகையில் ஆயிரம் பேர் நிற்கலாம். உள்ளே போகப் போக அறைக்குப் பின் அறை. கூரையிலிருந்து கல் விழுதுவிட்டு இறங்குகிறது. அந்தக் கல் வருஷா வருஷம் வளர்கிறது. இவ்வளவுதான் எழுதினேன். முனுசாமியின் பதிலில் ஜாதகம் பொருந்தியிருப்பதாக இருந்தது. கடைசியில், "குகை விஷயம் நேரில் பேசிக்கொள்ளலாம்" என்றும் இருந்தது.

அதே கடிதத்தில் வழியும் சொல்லியிருந்தார். வாலாஜா ரோடு ஸ்டேஷனில் இறங்க வேண்டும், தூங்கிவிட்டாலும் பயமில்லை, தோல் வாடை எழுப்பிவிடும் என்று. மதராஸில் ரயில் ஏறியதும் தூங்கிவிட்டேன். அவர் சொன்னபடியே வாடை என்னை எழுப்பியது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு குதித்தேன். ரயில் போன பிறகு போர்டைப் பார்த்தால் ஆம்பூர்.

போர்ட்டர் என் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இன்னா சார், வாலாஜாவுக்கு டிக்கெட் எடுத்துட்டு ஆம்பூர்ல வந்து எறங்கியிருக்கீங்க?"

"வாடை வந்ததுப்பா."

"வாடைய நம்பி எறங்குனா இந்தப் பக்கம் எல்லா ஸ்டேஷன்லயும் எறங்கணும். வாணியம்பாடி பாக்கி. அங்கயும் ஒருவாட்டி எறங்கிட்டு வர்றதுதானே?"

ஆம்பூர் கடைத்தெருவில் பிரியாணி அண்டாவைத் திறந்த நேரம். நான் வள்ளிமலை ஏறி முருகனைப் பார்க்கும் வரை கவுச்சி தொடுவதில்லை என்று விரதம் இருந்தேன். கடைக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர். நான் மூக்கை மட்டும் அனுப்பிவிட்டுத் தள்ளி நின்றதைப் பார்த்து, "உள்ள வாங்க ஐயா, மூக்குக்கெல்லாம் நாங்க பில் போடறதில்ல" என்றார். விரதம் என்றேன். உடனே அண்டாவை மூடச்சொல்லிவிட்டு ஒரு டீ கொடுத்தார். "முடிச்சிட்டு வாங்க. பிரியாணி இங்கதான் இருக்கும்." எங்கள் ஊரில் விரதக்காரனைக் கண்டால் வேண்டுமென்றே ஒரு கிண்ணத்தை நீட்டிப் பார்க்கிற ஆட்கள் உண்டு. இந்த மனுஷர் என் விரதத்தைக் காப்பாற்றித் தன் வியாபாரத்தை மூடிவைத்தார். பஸ்ஸில் உட்கார்ந்து அவருக்காகவும் ஒரு தடவை கும்பிட்டுக்கொண்டேன்.

ராணிப்பேட்டையில் ஒரு சத்திரத்தில் தங்கினேன். முனுசாமி வீட்டில் தங்கலாம், இடமும் இருந்தது. ஆனால் சம்பந்தம் முடிவாகாத வீட்டில் பெண்ணைப் பெற்றவன் கை நனைக்கக் கூடாது. சோறு மட்டுமில்லை, எங்கள் ஜனத்தில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்தாலும் சம்மதம் சொன்னதாகத்தான் அர்த்தம். மலேயாவில் இதையெல்லாம் நாங்கள் பாதி மறந்துவிட்டோம். இங்கே மறக்கவிடுகிற மாதிரி இல்லை. மறுநாள் காலை நான் போய் உட்கார்ந்தபோது பையனின் தாயார் ராஜம்மா கேழ்வரகுக் களி கிண்டி, கத்தரிக்காய்க் காரக்குழம்பை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, எதிர்ல உக்காந்து வாசனைய மட்டும் புடிக்கிறீங்களே, எனக்குப் பாவமா கீது" என்றாள்.

"எனக்கும்தான் தங்கச்சி" என்றேன்.

பிறகு போய் ஓட்டலில் இட்லி சாப்பிட்டேன். அந்த இட்லியை எங்கள் காளவாயில் கொண்டுபோய் அடுக்கினால் சூளை நிற்கும்.

பத்து மணிக்கு முனுசாமி என்னைத் தோல் ஷாப்புக்கு அழைத்துப் போனார். வரிசையாகக் குழிகள், வெள்ளைத் தண்ணீர், உள்ளே ஊறும் தோல்கள். தோலைப் பதப்படுத்துகிற ஆவாரம்பட்டைக் குவியல் ஒரு பக்கம். முனுசாமிக்கு முழங்கை வரை சுண்ணாம்பு வெள்ளை. குழித் தண்ணீரை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தே எத்தனை நாள் குழி என்று சொன்னார். நான் மனசுக்குள் கும்பிட்டேன். தொழில் தெரிந்த மனுஷர். அப்போதுதான், வேலையாட்கள் எல்லாரும் கேட்கும்படியாக, அவர் ஆரம்பித்தார்.

"ஆயிரம் பேரு நிக்கிற குகை. எழுதுனது நீங்கதானே?"

"நான்தான்."

"கல்லு வளருதுன்னும் எழுதியிருந்தீங்க."

"வளருதுங்க."

"தெனம் தண்ணி ஊத்துவீங்களா, இல்ல எருவும் வெப்பீங்களா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவன் தோலைக் கீழே போட்டுவிட்டே சிரித்தான். எனக்குத் தெரிந்ததை விளக்கினேன். எங்கள் காளவாய்க்கு வந்துபோகிற வெள்ளைக்கார இன்ஜினீயர் இதற்கு இரண்டு தனிப் பெயர் சொல்வார், நாம்தான் இரண்டையும் குகை என்றே சொல்லிவிடுகிறோம். பாறைமேல் பாறை சாய்ந்து அடியில் இடம் இருந்தால் அது குகை. மனுஷன் உளி வைத்துக் குடைந்தாலும் குகை. அதன் வாசலில் நின்றால் பின்சுவர் தெரியும், மழைக்கு ஒதுங்கலாம். எங்களுடையது வேறு. அது சுண்ணாம்புக்கல் மலை. மழைத்தண்ணீர் விரிசலில் இறங்கி, கல்லைக் கரைத்துக் கரைத்து, மலையை உள்ளுக்குள்ளேயே கூடமாக்கிவிடும். வாசல் வெளிச்சம் பாதி தூரம்கூட எட்டாது. கரைத்த சுண்ணாம்பைச் சொட்டுச் சொட்டாகக் கொண்டுவந்து அதே தண்ணீர் கூரையில் விட்டுப் போகும், அதுதான் விழுதாக இறங்குகிறது. சின்ன இடமாக இருந்தால் குகை, இப்படிக் கரைந்து உண்டானால் பெருங்குகை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

முனுசாமி எல்லாவற்றையும் கேட்டார். "சுண்ணாம்பு கரையும், ஒத்துக்கறேன். முப்பது வருஷமா அதுலதான் நிக்கிறேன். மலை கரையுமா?"

"மலையே சுண்ணாம்புதானுங்களே."

"அப்ப நீங்க சுடறதுக்கு இன்னா மிச்சம் இருக்கும்?" என்றார். மறுபடி சிரிப்பு. பிறகு சிரிக்காமல் சொன்னார். "மலேயாக்காரரே, தப்பா நெனைக்காதீங்க. சாமி விஷயத்துலயே இவ்ளோ ஜாஸ்தி சொல்றவரு, பொண்ணு விஷயத்துல மட்டும் உள்ளது உள்ளபடி சொல்லியிருப்பாருன்னு நான் எப்டி நம்பறது? எனக்கு ஒரே புள்ள."

எனக்கும் ஒரே பெண்தான்.  போட்டோவில் பார்த்த பெண்ணிடம் நான் எழுதாத குறை ஏதோ இருக்கும் என்று அவர் சந்தேகப்பட்டால் அப்புறம் சம்பந்தம் ஏது? ஒரு குகை பெரியதாக இருப்பதால் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நின்றது என்று கேள்விப்பட்டால் அந்த இன்ஜினீயர் சிரிப்பார். எனக்குச் சிரிக்க முடியவில்லை.

சாயங்காலம் தணிகாசலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சத்திரம் வரை கூட வந்தான். பாதி வழி வரை சைக்கிள் பெல்லையே தடவிக்கொண்டு வந்தான். பிறகு, "உள்ள இருட்டு எப்டிங்க இருக்கும், ஐயா?" என்று கேட்டான். அந்த ஊரில் என் குகையைப் பற்றி உண்மையாகத் தெரிந்துகொள்ளக் கேட்டவன் அவன் ஒருத்தன்தான்.

கையை மூக்குக்கு எதிரே வைத்தாலும் தெரியாது என்று சொன்னேன். ஜப்பான்காரன் ஈப்போவில் குண்டு போட்டபோது எங்கள் காளவாய் லைன் வீடுகளில் இருந்த ஜனம் முழுக்க அதற்குள்தான் ஓடிப்போய் ஒளிந்தது என்றேன். எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு அரிக்கேன் விளக்கு. பெரியவர்களுக்குக் கை நடுங்கி அது அணைந்து அணைந்து போனது. கடைசியில் எட்டு வயசுக் கமலா அதை வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று நாள் அவள்தான் எல்லாரையும் தண்ணீர் சொட்டுகிற இடத்துக்கு அழைத்துப் போய் வந்தாள். அந்தத் தண்ணீர்தான் எங்களுக்குக் குடிக்க. அதிலிருந்து எங்கள் ஜனம் அதைத் தீர்த்தம் என்கிறோம், கீழே விழ விடுவதில்லை.

தணிகாசலம் முழுக்கக் கேட்டான். சைக்கிள் பெல்லை ஒரு தடவை சும்மா அடித்துவிட்டுப் போய்விட்டான்.

மூன்றாம் நாள் வள்ளிமலை. "குகைன்னா இன்னான்னு நான் காட்டறேன் வாங்க" என்று முனுசாமி ஏற்பாடு செய்திருந்தார். ராஜம்மா பொங்கல் வைப்பதற்காக முதல் பஸ்ஸிலேயே போய்விட்டாள். நாங்கள் மூன்று பேரும் அடுத்த பஸ். மேல்பாடி தாண்டி டயர் பஞ்சர். டிரைவர் இறங்கி டயரை ஒரு உதை உதைத்துவிட்டு, "முருகனுக்கு இன்னிக்கி நம்மளப் பாக்க இஷ்டமில்ல போல கீது" என்றார். "நம்மள இல்ல, உன்ன" என்று உள்ளேயிருந்து ஒரு அம்மாள் சொன்னாள். மாட்டுவண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தோம்.

நான் பேட்டரி லைட்டும் குடையும் கொண்டுபோயிருந்தேன். குகைக் கோயிலுக்கு அவை இரண்டும் இல்லாமல் நான் போனதே இல்லை.

"குடை எதுக்கு, வெயிலுக்கா?" என்றார் முனுசாமி.

"உள்ளே ஒழுகுமே."

படியிலேயே நின்றுவிட்டார். "உங்க ஊர்ல சாமிய ஒழுகற வூட்லயா குடி வெச்சிருக்கீங்க?"

நான் விடவில்லை. படி ஏறும் வழியெல்லாம் மூச்சு வாங்க வாங்க, கருங்கல் குகை வேறு, சுண்ணாம்புக்கல் குகை வேறு என்று மறுபடி முதலிலிருந்து விளக்கினேன். கருங்கல்லைத் தண்ணீர் கரைக்காது, அதனால் உள்ளே காய்ந்திருக்கும், விழுது இறங்காது என்று நானே சொன்னேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த வாக்கியத்தை நான்தான் சொன்னேன்.

பாறைக்கடியில் இருக்கிற சந்நிதிக்குள் தலை குனிந்து நுழைந்தேன். நாலைந்து தப்படி வைப்பதற்குள் எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் முருகன் முகம் தெரிந்தது. எங்கள் ஊரில் முருகனைப் பார்க்க இருட்டைத் தாண்டிப் போக வேண்டும். இங்கே அவன் கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்திருக்கிறான். என்னை அறியாமல் அழுதுவிட்டேன். அப்பனே, என் பெண்ணை நான் ஏற்றிச் சொல்லவில்லை, குகையையும் ஏற்றிச் சொல்லவில்லை, இந்த மனுஷருக்கு நீதான் புரியவைக்க வேண்டும் என்று கும்பிட்டேன். முனுசாமி பக்கத்தில் நின்று, "பாத்தீங்களா, குடையே வேணாம்" என்று காதில் சொன்னார்.

வெளியே வந்து பின்பக்கம் சுற்றினோம். அங்கே ஒரு பெரிய பாறை முன்னால் நீட்டிக்கொண்டு, அடியில் ஆள் உட்காரும் அளவு ஒரு குகை. சாமி எதுவும் இல்லாத இடம். அதன் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

எனக்குப் புல்லரித்துவிட்டது. கேட்டு வாய் மூடவில்லை, முருகன் பதில் சொல்லிவிட்டான் என்றுதான் நினைத்தேன். செருப்பில்லாத காலோடு ஓடிப்போய் இரண்டு கையையும் ஏந்தினேன். எங்கள் குகையில் தண்ணீர் தெளிவாக இருக்கும், இது வெள்ளையாக இருந்தது. இந்தப் பக்கம் சுண்ணாம்பு ஜாஸ்தி போலும் என்று எண்ணிக்கொண்டேன். எங்கள் வழக்கப்படி மூன்று வாய் குடித்தேன். வழவழவென்று, ஏதோ தானிய வாசனையோடு இறங்கியது. மலைக்கு மலை மகிமை வேறு. மீதியைத் தணிகாசலத்தின் தலையில் தெளித்து, நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தினேன். அவன் கண்ணை மூடி வாங்கிக்கொண்டான்.

பாறைக்கு மேலிருந்து ராஜம்மாவின் குரல் வந்தது. "யாரது கீழ? தள்ளிக்குங்க, அரிசி களைஞ்ச தண்ணி வருது! கொரங்கு மொதல் பானைய கவுத்துடுச்சி, ரெண்டாவது தபா களைஞ்சிக்கினு கீறேன்!"

முனுசாமி என்னைப் பார்த்தார், சொட்டுகிற விளிம்பைப் பார்த்தார், மகனின் ஈரத் தலையைப் பார்த்தார். "யோவ், கருங்கல்லு எங்கயாவது ஒழுகுமாய்யா?" என்றார். அதற்கு மேல் பேச முடியாமல் பாறையில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தார். வழியெல்லாம் நான் நடத்திய பாடத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டார். பாடம் நடத்தியவனோ தண்ணீரைக் குடித்துவிட்டு நின்றேன்.

சிரித்து முடிந்ததும் அவர் முகம் மாறியது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்க ஊர்ல ஒழுகுது. நெஜம்தான்" என்றார்.

"எப்படிச் சொல்றீங்க?" என்றேன். எனக்கே ஆச்சரியம்.

"ஒழுகாத ஊர்க்காரன் அப்டி ஓடிப்போய்க் கைய ஏந்த மாட்டான். பொய் சொல்றவன் வாயால சொல்லுவான், கையால சொல்ல மாட்டான். நான் உங்கள பேஜார் பண்ணிட்டேன், மன்னிச்சிக்குங்க." உடனே எழுந்து மேலே பார்த்துக் கத்தினார். "ராஜம்மா! இவரு நம்ம வூட்டு அரிசித் தண்ணிய குடிச்சிட்டாரு. கை நனைச்சாச்சி! சம்பந்தம் முடிஞ்சிது!"

ராஜம்மா பாறை விளிம்பில் எட்டிப் பார்த்தாள். "நல்லா கீதே நாயம். வேகாத அரிசித் தண்ணிய தெரியாத குடிச்சவர மடக்கப் பாக்கறியா? வேணும்னா பாதி சம்மதம்னு வெச்சிக்கலாம்."

"குடிச்சா குடிச்சதுதான்."

"சோறா அது? மாட்டுக்குக் கழனித் தொட்டில ஊத்தறது!"

முருகன் சந்நிதிக்குப் பின்னால் நின்று அவர்கள் இரண்டு பேரும் நான் எதைக் குடித்தேன் என்று வாதாடினார்கள்.  முடிந்தது என்று இருந்துவிட்டால் எனக்கும் நிம்மதிதான். அப்போது தணிகாசலம் தலையைத் துவட்டிக்கொண்டே என்னிடம் கேட்டான்.

"ஐயா, அவங்கள கேட்டீங்களா?"

"யாரை?"

"உங்க பொண்ணத்தான். இந்த ஊரு வாடை உங்களையே தூக்கத்துல எழுப்பிடுச்சி. அவங்க காலத்துக்கும் இங்க இருக்கணும். வர்றதுக்கு இஷ்டமான்னு கேட்டீங்களா?"

நான் ஜாதகம் கேட்டிருந்தேன். கப்பல் கம்பெனியைக் கேட்டிருந்தேன். முருகனைக் கேட்டிருந்தேன், ஐந்து நிமிஷத்துக்கு முன்னால்கூட. கமலாவைக் கேட்கவில்லை. என் மனைவி இருந்திருந்தால் கேட்டிருப்பாள். அவள் இல்லாத வீட்டில் அதைக் கேட்க வேண்டியவன் நான்தான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

"இல்லப்பா" என்றேன். பொய் சொல்ல இடமில்லை, கை இன்னும் ஈரமாக இருந்தது.

"பொண்ணக் கேக்கறதா?" என்று முனுசாமி ஆரம்பித்தார். மேலிருந்து ராஜம்மா, "கேக்கட்டும். பாதி அண்ணன் குடிச்சிட்டாரு, மீதி பாதி அந்தப் பொண்ணு சொல்லட்டும்" என்றாள்.  படைத்த பொங்கலை எல்லாரும் சாப்பிட்டோம். அது முருகன் வீட்டுச் சாப்பாடு, எந்தக் கணக்கிலும் வராது.

அன்று சாயங்காலமே கமலாவுக்கு விமானத் தபாலில் எழுதினேன். வாடையை மறைக்கவில்லை. அரிசி களைந்த தண்ணீரை நான் குடித்ததையும் மறைக்கவில்லை. அவளைக் கேட்க மறந்ததையும் எழுதினேன், அதைக் கேட்டவன் யார் என்பதையும் எழுதினேன். பதில் வரும்வரை பதினோரு நாள். திருவலம் போனேன், காவேரிப்பாக்கம் ஏரியைப் பார்த்தேன், ஓட்டல் இட்லியைச் சாப்பிட்டேன். ராஜம்மா தினமும் சத்திரத்துக்கு யாரிடமாவது, "அண்ணன் உயிரோட கீறாரா?" என்று கேட்டனுப்பினாள்.

பன்னிரண்டாம் நாள் கடிதம் வந்தது. பிரிக்காமலே தோல் ஷாப்புக்கு ஓடினேன். முனுசாமி குழிக்குள் நின்றிருந்தார். கை இரண்டும் வெள்ளை. "நான் தொட்டா எழுத்து போய்டும், நீங்களே படிங்க" என்றார். படித்தேன்.

"அப்பாவுக்கு, மூன்று நாள் அந்த இருட்டில் இருந்தவளுக்கு வாடை பெரிய விஷயமில்லை. என்னைக் கேட்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியதே, அது போதும். எனக்குச் சம்மதம். ஆனால் நீங்கள் எழுதியதை நாலு தடவை படித்துப் பார்த்தேன். நீங்கள் என்னைக் கேட்கவில்லை என்று இருக்கிறது. அவர் அப்பா உங்களைக் கேட்டது இருக்கிறது. அவரை யாராவது கேட்டதாக எங்குமே இல்லை. அவருக்குச் சம்மதமா?"

முனுசாமி என்னைப் பார்த்தார். நான் முனுசாமியைப் பார்த்தேன்.

"நீங்க கேட்டீங்களா?" என்றேன்.

"ஜாதகம் பாத்தமே" என்றார் மெதுவாக.

குழியிலிருந்து ஏறி, சுண்ணாம்புக் கையை இரண்டு பக்கமும் அகட்டிப் பிடித்துக்கொண்டு மோட்டார் ரூம் வாசலுக்கு நடந்தார். "டேய் தணிகா, மோட்டார நிறுத்துடா!" பெல்ட் தளர்ந்து, சத்தம் அடங்கியது. வேலையாட்கள் என்னமோ ஏதோ என்று கூடிவிட்டார்கள். தணிகாசலம் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். முனுசாமி என் பக்கம் திரும்பினார். "நீங்களே கேளுங்க சம்பந்தி" என்று என்னைத் தள்ளிவிட்டார்.

கேட்டேன்.

அவன் காது இரண்டும் சிவந்துபோயிற்று. "இத கேக்கவா மோட்டார நிறுத்துனீங்க?" என்று உள்ளே திரும்பப் பார்த்தான்.

"வாயத் தொறந்து சொல்லுடா," என்றார் முனுசாமி. "அந்தப் பொண்ணு கேக்குது."

சொன்னான்.